பொத்தானுக்குள் ஒரு விளக்கு

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902ஆம் ஆண்டில். சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்ட அம்மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவைக் கம்பிகளின் வழியே கடந்து வந்து சுரங்க எந்திரங்களை இயக்கிற்று. திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் முனைந்து உருவாக்கிய அத்திட்டம் நிறைவேறியதைக் காண அவர் இல்லை. அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். தலைநகருக்கு முன்பே மின்சாரத்தைக் கண்ட ஊர் என்று தங்கவயலார் இன்றும் சொல்லிக்கொள்வதில் மிகை ஏதுமில்லை.

அந்நாளில் ஏறத்தாழ 30,000 வோல்ட்டில் வந்த மின்சாரத்திலிருந்து, இப்பாடத்துக்காக நாம் 5 வோல்ட்டுக்கு இறங்கி வருவோம். விளையாட்டுக் கூடங்களில் நிற்கும் ஆர்கேடு இயந்திரத்தின் பலகையில் வட்ட வட்டமாகப் பொத்தான்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விளக்கில்லாத சாதாரணப் பொத்தானுக்குள் ஓர் எல்.இ.டி. விளக்கை வைப்பது எப்படி என்பதே இங்குப் பேசப்படும் பொருள். கேட்பதற்குச் சிறுவர் விளையாட்டாகத் தோன்றும். ஆயினும் இதில் பிழை நேர்ந்தால் இயந்திரத்தின் மின்பலகையே கருகும். கவனக்குறைவு இன்னும் பெரிதானால் கையே கருகும்.

ராபர்ட்சன்பேட்டையில் சிறு கடை நடத்தும் ஒருவர், வேறிடத்தில் பயன்பட்டு முடிந்த ஓர் ஆர்கேடு இயந்திரத்தை வாங்கி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். படம் நன்றாகத் தெரிகிறது, ஒலியும் வருகிறது. ஆனால் பொத்தான்களின் நிறம் மங்கிவிட்டது. மாலையில் கடைக்குள் வரும் பிள்ளைகளுக்கு எது தொடக்கப் பொத்தான், எது தாவும் பொத்தான் என்று புலப்படவில்லை. விளக்குள்ள புதிய பொத்தான்களை வாங்கிப் பொருத்துவதே எளிய வழி. ஆனால் இரண்டு பேர் ஆடும் பலகையில் பதினைந்துக்குக் குறையாத பொத்தான்கள் இருக்கும். அத்தனையையும் மாற்றினால் இயந்திரத்தை வாங்கிய விலையில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். இருக்கும் பொத்தான்களுக்கே ஒளியூட்ட முடியுமாயின் அதுவே அவருக்கு இலாபம்.

முதலில் பொத்தானைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னர், இயந்திரத்தின் மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய இயந்திரங்களில் கண்ணாடிப் படக்குழாய் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அக்குழாய் 20,000 வோல்ட் அளவுக்கு மின்னேற்றத்தை நெடுநேரம் தேக்கி வைத்திருக்கக்கூடும். குழாயின் பக்கவாட்டில் உறிஞ்சுகிண்ணம் போல ஒட்டியிருக்கும் ரப்பர் மூடியையும் அதிலிருந்து செல்லும் தடித்த கம்பியையும் எக்காரணம் கொண்டும் தொடலாகாது. நமக்கு வேண்டியது முன்பலகை மட்டுமே. அதை மட்டும் கழற்றி வெளியே எடுத்து, மேசைமேல் வைத்து வேலை செய்வதே அறிவுடைமை.

பொத்தானின் அமைப்பு எளியது. பலகைத் துளையில் அமரும் நெகிழி உடல், அதனுள் மேலும் கீழும் அசையும் தலைப்பகுதி, அடியில் 'டிக்' என்று ஒலிக்கும் ஒரு மைக்ரோ சுவிட்ச் ஆகிய மூன்றே அதன் உறுப்புகள். ஜப்பானிய வகைப் பொத்தானுக்குத் துளையின் விட்டம் 30 மி.மீ.; தொடக்கப் பொத்தான் போன்ற சிறியவற்றுக்கு 24 மி.மீ. அமெரிக்க வகையில் 28 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான துளையில் உடலைச் செருகி, பின்புறம் பெரிய மரையால் இறுக்கியிருப்பார்கள். வாங்கப் போகுமுன் அளவுகோலை வைத்து அளந்துகொள்ளுங்கள். கண்மதிப்பில் வாங்கியவர்கள் மறுநாள் மீண்டும் கடைக்குப் போவது வழக்கம்.

அடுத்து, தலைப்பகுதியை ஒரு கைவிளக்கின்மேல் வைத்துப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. ஒளி புகாத கெட்டி நெகிழியாயின் உள்ளே எத்தனை விளக்கு வைத்தாலும் பயனில்லை. சிலர் தலைப்பகுதியின் நடுவே 3 மி.மீ. துளையிட்டு எல்.இ.டி.யை வெளியே எட்டிப் பார்க்க வைப்பார்கள். ஆயிரம் முறை விரல்படும் இடத்தில் துளையிடுவது எனக்கு உடன்பாடில்லை. அழுக்கு சேரும், ஓரம் விரலை உறுத்தும். அதே வகைக்கு ஒளி ஊடுருவும் தலைப்பகுதி தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் மாற்றலாம். கிடைக்காவிடில், பொத்தானுக்கும் பலகைக்கும் இடையே 3 மி.மீ. தடிப்புள்ள தெளிந்த அக்ரிலிக் வளையம் ஒன்றை வைத்து, அதன் விளிம்பில் எல்.இ.டி.யைப் பதிக்கலாம். அக்ரிலிக்கின் விளிம்பில் புகும் ஒளி உள்ளேயே பட்டுப் பட்டு ஓடி, மறு விளிம்பில் வெளிப்படும். பொத்தானைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் தோன்றும். பார்வைக்கு இதுவே அழகு என்பேன்.

எல்.இ.டி.யைப் பொத்தானுக்குள்ளே வைப்பதாயின், அதை அசையும் தலைப்பகுதியில் ஒட்டக்கூடாது. அசையாத உடலில்தான் பதிக்க வேண்டும். தலைப்பகுதியோடு சேர்ந்து கம்பியும் நாளெல்லாம் மேலும் கீழும் மடங்கினால், ஈயப்பற்று வைத்த இடத்தில் சில வாரங்களிலேயே அறுந்துவிடும். பொத்தான் இறங்கும் தூரம் சில மில்லிமீட்டரே. ஆனால் அந்தத் தூரத்துக்கு எல்.இ.டி.யின் முனை வழிவிட வேண்டும். 5 மி.மீ. எல்.இ.டி. இடித்தால் 3 மி.மீ. எல்.இ.டி.யைப் பயன்படுத்துங்கள். அதன் உச்சி குவிந்திருப்பதால் ஒளி ஒரு புள்ளியாகத் தெரியும். மென்மையான உப்புத்தாளால் உச்சியைத் தட்டையாகத் தேய்த்துவிட்டால் ஒளி பரவும். உடலின் உட்புறத்தில் வெள்ளைத்தாளை ஒட்டினால் இன்னும் நன்று.

இனி மின்சாரத்துக்கு வருவோம். பாடத்தின் உயிர்நிலை இதுவே.

பழைய குண்டு பல்புக்குள் இருந்த இழை, சூடேறச் சூடேறத் தன் மின்தடையைத் தானே உயர்த்திக்கொண்டது. ஆகவே மின்னோட்டம் கட்டுக்குள் நின்றது. எல்.இ.டி.க்கு அக்குணம் இல்லை. குறிப்பிட்ட மின்னழுத்தத்தை எட்டும்வரை அதில் மின்சாரம் பாய்வதே இல்லை எனலாம். எட்டியபின் அழுத்தம் சிறிதே கூடினாலும் மின்னோட்டம் பலமடங்கு பெருகும். சுரங்கக் கூண்டைக் கம்பிவடத்தில் இறக்கும் எந்திரத்தை எண்ணிப் பாருங்கள். கூண்டு தன் எடையாலேயே இறங்கும். எந்திர ஓட்டுநரின் திறமையெல்லாம் பிரேக்கில்தான் இருக்கிறது. எல்.இ.டி.க்கு அந்தப் பிரேக்தான் மின்தடை. மின்தடை இல்லாமல் 5 வோல்ட்டில் நேரே இணைத்த சிவப்பு எல்.இ.டி. ஒரு கணம் மிகப் பிரகாசமாக எரியும். அதன்பின் எரியாது.

மின்தடையின் அளவைக் கண்டறியப் பள்ளியில் படித்த ஓம் விதி போதும். மின்வழங்கியின் அழுத்தத்திலிருந்து எல்.இ.டி. எடுத்துக்கொள்ளும் அழுத்தத்தைக் கழித்து, வந்ததை நாம் விரும்பும் மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட் எடுக்கும். வெள்ளையும் நீலமும் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல். 5 வோல்ட் வழங்கியில் சிவப்பு எல்.இ.டி.க்கு 15 மில்லி ஆம்பியர் வேண்டுமானால், எஞ்சும் 3 வோல்ட்டை 0.015ஆல் வகுத்தால் 200 ஓம். கடையில் எளிதாகக் கிடைப்பது 220 ஓம். அதை வாங்கினால் மின்னோட்டம் 14 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக அமையும். வெள்ளைக்கு, எஞ்சும் அழுத்தம் 1.8 வோல்ட் என்று கொண்டால் 150 ஓம் போதும். 12 மில்லி ஆம்பியர் பாயும். இயந்திரத்தில் 12 வோல்ட்தான் கிடைக்கிறது என்றால் வெள்ளைக்கு 680 ஓம்; 13 மில்லி ஆம்பியர். இவை எல்லாவற்றுக்கும் கால் வாட் மின்தடை தாங்கும்.

இவ்வளவு ஒளி வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இக்கால எல்.இ.டி.கள் 2 மில்லி ஆம்பியரிலும் தெளிவாக எரிகின்றன. மங்கிய அறையில் கண்ணைக் குத்தும் நீல ஒளியைப் பார்த்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் அரைமணி நேரம் ஆட முடியாது. 1,000 ஓம் மின்தடையை ஒருமுறை போட்டுப் பார்த்து, போதவில்லையென்றால் மட்டும் குறையுங்கள்.

செலவைச் சுருக்க எண்ணி, பத்து எல்.இ.டி.களைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்து அனைத்துக்கும் ஒரே மின்தடையைப் பொதுவாக வைப்போர் உண்டு. ஒரே பெட்டியில் வாங்கிய எல்.இ.டி.களும் ஒன்றுபோல இருப்பதில்லை. சற்றுக் குறைந்த அழுத்தத்தில் கடத்துவது தன் பங்குக்கு மேல் மின்சாரத்தை இழுக்கும், அதனால் சூடாகும், சூடானால் இன்னும் எளிதாகக் கடத்தி இன்னும் அதிகம் இழுக்கும். அது கருகியபின் அதன் சுமை மற்றவற்றின்மேல் விழும். ஒவ்வோர் எல்.இ.டி.க்கும் தனி மின்தடை என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மின்தடை ஒன்றின் விலை ஒரு மிட்டாயின் விலையை எட்டாது.

எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்முனை, குட்டையான கால் எதிர்முனை. மாற்றி இணைத்தால் 5 வோல்ட்டில் பெரும்பாலும் கெடாது, எரியாது, அவ்வளவே. கால்களில் ஈயப்பற்று வைக்கும்போது விரைந்து முடியுங்கள். மைக்ரோ சுவிட்சின் தகடுகளில் மட்டும் ஈயப்பற்று வைக்காதீர்கள். சூட்டில் அதன் நெகிழி இளகி உள்ளுறுப்பு கோணிவிடும். அத்தகடுகளுக்கென்றே செருகிப் பொருத்தும் முனைகள் விற்கின்றன. தகட்டின் அகலம் 4.8 மி.மீ., 6.3 மி.மீ. என இருவகை. அளந்து வாங்குங்கள்.

அடுத்து வருவதே மின்பலகையைக் காப்பதும் எரிப்பதுமான இடம். பொத்தானை அழுத்தினோம் என்ற செய்தி இயந்திரத்தின் மின்பலகைக்கு ஒரு கம்பி வழியே செல்கிறது. விளக்குக்கான மின்சாரம் செல்லும் வழி வேறு. இவ்விரண்டும் தரைக்கம்பி ஒன்றில் மட்டுமே சந்திக்கலாம். எனக்குத் தெரிந்தவர்களில் இதைப் பிழையாகச் செய்தவன் நானேதான். 12 வோல்ட்டில் எரிந்த விளக்கை, அழுத்தும்போது மட்டும் எரிய வேண்டும் என்ற ஆசையில், செய்திக்கம்பி இருந்த அதே தகட்டில் இணைத்தேன். பொத்தான் அழுத்தப்படாத நேரத்தில் அந்த 12 வோல்ட், எல்.இ.டி.யின் வழியே 5 வோல்ட் மின்பலகைக்குள் புகுந்தது. மின்தடை நடுவில் இருந்ததால் புகை வரவில்லை. ஆனால் அந்த உள்ளீடு அன்றோடு செயலற்றுப் போயிற்று.

அந்த மைக்ரோ சுவிட்சிலேயே இன்னொரு நல்ல வழி ஒளிந்திருக்கிறது. அதில் பெரும்பாலும் மூன்று தகடுகள் இருக்கும். ஒன்று பொது, ஒன்று அழுத்தினால் பொதுவோடு சேர்வது, மற்றொன்று அழுத்தாதபோது பொதுவோடு சேர்ந்திருந்து, அழுத்தினால் விலகுவது. பொதுத் தகட்டைத் தரையிலும், அழுத்தினால் சேரும் தகட்டைச் செய்திக்கம்பியிலும் வழக்கம்போல இணையுங்கள். சும்மா கிடக்கும் மூன்றாம் தகட்டில் எல்.இ.டி.யின் எதிர்முனையை இணைத்து, நேர்முனையை மின்தடை வழியாக 5 வோல்ட்டில் சேருங்கள். பொத்தான் தானாக ஒளிர்ந்துகொண்டிருக்கும்; விரல் அழுத்திய கணத்தில் அணையும்; விட்டதும் மீண்டும் எரியும். கூடுதல் உறுப்பு ஒன்றும் தேவையில்லை. விளக்கும் செய்தியும் ஒன்றையொன்று தொடுவதுமில்லை. ஜப்பானிய வகைச் சிறு சுவிட்சுகளில் இரண்டே தகடுகள் இருக்கும். அவற்றில் இவ்வழி செல்லாது. அங்கே விளக்கு எப்போதும் எரியும்படிதான் விட வேண்டும்.

எப்போதும் எரிவதில் எனக்கொரு மனக்குறை உண்டு. பொத்தானுக்குள் இருக்கும் விளக்கு அலங்காரம் அன்று. அது ஒரு செய்தி. அடாரி நிறுவனம் 1979இல் வெளியிட்ட ஆஸ்டிராய்ட்ஸ் விளையாட்டில், தொடக்கப் பொத்தான்களுக்குள் சிவப்பு எல்.இ.டி. இருந்தது. நாணயத்தைப் போட்டதும் அது மின்னத் தொடங்கும். 'உன் காசு வந்து சேர்ந்தது, இப்போது அழுத்து' என்பது அதன் பொருள். படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரியும். பயனற்ற நேரத்தில் எரியும் பொத்தான் பொய் சொல்கிறது. இரண்டுமுறை பொய் கேட்ட பிள்ளை மூன்றாம்முறை அதை நம்புவதில்லை.

ஒளியைச் சாட்சியாக நம்பிய ஒரு வேலை தங்கவயலின் ஆழத்திலேயே நடந்திருக்கிறது. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகமும் சேர்ந்து நியூட்ரினோ என்னும் நுண்துகளைத் தேடின. வளிமண்டலத்தில் பிறந்து பாறையைத் துளைத்து வரும் அத்துகளின் விளைவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த இடங்களில் இதுவும் ஒன்று. துகள் கடந்தால் ஒளிரும் நெகிழித் தகடுகள் முதலில் குறிப்புக் கொடுக்கும், உடனே நியான் வாயு நிரம்பிய கண்ணாடிக் குழாய்களுக்கு உயர் மின்னழுத்தம் தரப்படும், துகள் சென்ற வழியிலிருந்த குழாய்கள் மட்டும் பளிச்சிடும், அதைப் படமெடுப்பார்கள். எந்தக் குழாய் எரிந்தது, எது எரியவில்லை என்பதே சான்று. வெறுமனே எரியும் குழாய் ஒன்று இருந்தாலும் கணக்குக் கெட்டுவிடும்.

நம் கடைக்காரரின் பொத்தானுக்கு அத்தனை நுட்பம் தேவையில்லைதான். ஆயினும் தொடக்கப் பொத்தானையாவது காசு விழுந்தபின் மின்ன வைக்க விரும்பினால், ஒரு சிறு மைக்ரோ கட்டுப்படுத்திப் பலகை வேண்டும். அர்டுயினோ ஊனோ வகைப் பலகை எளிதாகக் கிடைக்கிறது. அதன் கால் ஒன்றிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுப்பது நல்லதன்று. எல்லாக் கால்களும் சேர்ந்து 200 மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது. பதினாறு பொத்தான்களுக்கு 15 மில்லி ஆம்பியர் வீதம் கணக்கிட்டால் 240 வந்துவிடுகிறது. ஆகவே நடுவில் யு.எல்.என். 2003 என்ற சில்லு ஒன்றை வைப்பது வழக்கம். அதில் ஏழு வழிகள் உண்டு. சிறு குறிப்பை வாங்கிக்கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் தரைக்கு இறக்கிவிடும். கணினியின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே எல்லா விளக்குகளையும் எரிப்பதாயின், பழைய வகைத் துளை தருவது 500 மில்லி ஆம்பியர் என்பதை நினைவிற் கொள்க; மின்பலகைக்கும் அதில் பங்கு வேண்டும்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், தங்கவயலின் பிள்ளைகள் பலர் விடியற்காலை இரயிலில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். மின்னணுப் பொருள்கள் மலிந்த எஸ்.பி. சாலை அவர்களுக்குத் தெரியாத இடமன்று. இப்பாடத்தில் சொன்ன உறுப்புகள் எல்லாம் அங்குக் கிடைக்கும். இத்தகைய பழுதுபார்ப்பை வீட்டிலிருந்தே தொழிலாகச் செய்ய எண்ணுவோருக்குப் பெருமுதல் தேவையில்லை. ஈயப்பற்றுக் கருவி, மல்டிமீட்டர், நல்லதொரு மின்வழங்கி ஆகியவை அடிப்படை. 2015இல் தொடங்கிய பிரதமரின் முத்ரா திட்டத்தில் 'சிசு' என்னும் பிரிவு 50,000 ரூபாய் வரையிலான கடனுக்கானது. விண்ணப்பிக்குமுன் வாங்கவிருக்கும் கருவிகளின் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தேவைப்படும் தொகையை மட்டும் கேளுங்கள். எதிர்பார்க்கும் வேலைகளையும் மாத வருவாயையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் கிளையில் பேச எளிதாக இருக்கும்.

வேலை முடிந்ததும் பலகையை உடனே மூடிவிடாதீர்கள். மின்சாரம் கொடுக்குமுன், மல்டிமீட்டரில் 5 வோல்ட் கம்பிக்கும் தரைக்கம்பிக்கும் இடையே நேரடித் தொடர்பு ஏதும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு மின்பலகையை இணைக்காமல் விளக்குகளை மட்டும் எரிய விட்டு, ஒவ்வொரு செய்திக்கம்பியையும் தொட்டு அளந்து பாருங்கள். எதிலும் அழுத்தம் காட்டக்கூடாது. காட்டினால் அந்தப் பொத்தானில் விளக்குக்கம்பி தவறான தகட்டில் இருக்கிறது. எல்லாம் சுழியமாக இருந்தால் மின்பலகையை இணைக்கலாம்.

தங்கவயலில் இன்னொன்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. தங்கம் பிரித்தபின் கொட்டிய மணல், மலைபோலக் குவிந்து ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்றுக்காலத்தில் அதன் நுண்தூசி வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் வந்து படியும். பொத்தானின் இடுக்கில் அது புகுந்தால் ஒளி மங்கும், தலைப்பகுதியும் சிக்கும். காற்றுக்காலம் முடிந்ததும் ஒருமுறை மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, தலைப்பகுதிகளைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் மாட்டுங்கள். வாயால் ஊத வேண்டாம். அந்தத் தூசி மூச்சுக்கு நல்லதன்று.